காஷ்மீர் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 74,000 ரூபாய். அதில் வீட்டுக் கடன் தவணை 21,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 4,000, பள்ளிக் கட்டணம் உட்படக் குடும்பச் செலவு 31,000 ரூபாய். அவசரத் தேவைக்கென 2 லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் இருக்கிறது. அடுத்த ஏப்ரல் இறுதியில் மனைவி, இரு குழந்தைகளுடன் ஆறு நாள் காஷ்மீர் சென்றுவர ஆசைப்படுகிறோம். பயண ஏற்பாட்டாளர் விமானக் கட்டணத்தோடு 1,45,000 ரூபாய் கேட்கிறார். 12 மாதத் தவணையில் கடனும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கடன் வாங்குவதா, வைப்பை முறிப்பதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: மூன்றும் வேண்டாம். நீங்கள் மே மாதத்திலேயே கேட்டிருப்பதால், கடனே இல்லாமல் போய்வர உங்களுக்குப் போதிய காலம் இருக்கிறது.

முதலில் தொகையைச் சரியாக மதிப்பிடுவோம். ஏற்பாட்டாளர் சொல்லும் 1,45,000 ரூபாயில் பெரும்பாலும் விமானம், தங்குமிடம், காலை, இரவு உணவு, ஒரு வாகனம் ஆகியவைதான் அடங்கும். குல்மார்க்கில் கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே செல்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சீட்டு, அதுவும் ஆளுக்கு ஒன்று. பஹல்காமில் ஆரு, பேதாப் பள்ளத்தாக்கு, சந்தன்வாரி ஆகிய இடங்களுக்கு நீங்கள் வந்த வாகனத்திலேயே போக முடியாது. உள்ளூர் டாக்சியைத்தான் அமர்த்த வேண்டும். சோன்மார்க்கில் குதிரை, பனியில் நடக்க வாடகைக் கோட்டும் பூட்ஸும், தால் ஏரியில் ஷிகாரா படகு, மதிய உணவு என்று கூட்டிப் பார்த்தால் நால்வருக்கு இன்னும் 35,000 ரூபாயாவது ஒதுக்குவது நல்லது. ஆகவே உங்கள் இலக்கு 1,80,000 ரூபாய்.

இந்தத் தொகையை 14 சதவீத வட்டியில் 12 மாதக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 16,160 ரூபாய் வரும். வட்டி மட்டும் சுமார் 14,000 ரூபாய். 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 18,000 ரூபாயைத் தாண்டிவிடும். உங்களிடம் மாதம் மிஞ்சுவதே 18,000 ரூபாய்தான் என்பதைக் கவனியுங்கள். ஊர் திரும்பிய பிறகு ஓராண்டு கட்டத் தயாராக இருக்கும் அதே 16,000 ரூபாயை, புறப்படுவதற்கு முன் உங்கள் பெயரிலேயே கட்டிவாருங்கள் என்பதுதான் என் யோசனை.

மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதங்களுக்கு வங்கியில் மாதம் 16,000 ரூபாய் கட்டும் தொடர் வைப்பு (ஆர்.டி.) தொடங்குங்கள். 6 சதவீத வட்டி கிடைத்தால் முடிவில் ஏறக்குறைய 1,30,900 ரூபாய் கைக்கு வரும். ஜனவரியில் விமானச் சீட்டு எடுக்கவும் தங்குமிடங்களுக்கு முன்பணம் கட்டவும் அது உதவும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் 48,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள்; வழிச் செலவுக்கு அது வேண்டும். மொத்தம் சுமார் 1,79,000 ரூபாய். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இந்தத் தேவைக்குப் பொருந்தாது. எஸ்.ஐ.பி.யையும் நிறுத்தாதீர்கள்.

ஆகஸ்டுக்குள் இரண்டு தவணைகள் தவறினால், கடனாக வாங்கியிருந்தாலும் அந்தத் தவணைகள் தவறியிருக்கும் என்று புரிந்துகொண்டு பயணத்தைத் தள்ளிவையுங்கள். துலிப் மலர்களுக்காக ஏப்ரலைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஸ்ரீநகர் துலிப் தோட்டம் மார்ச் இறுதியில் திறந்து சில வாரங்களே பூத்திருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் நீங்கள் போகும்போது பூக்கள் உதிர்ந்திருக்கவும் கூடும்.

அவசர வைப்பைத் தொட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு, குழந்தைகளோடு நீங்கள் போகும் இடமும் ஒரு காரணம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் அவசரமாக ஊர் திரும்பின. மண்சரிவால் ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை அடைபடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் புதிய விமானச் சீட்டோ கூடுதல் இரண்டு இரவுத் தங்கலோ உடனடியாகத் தேவைப்பட்டால், கை கொடுப்பது அந்த 2 லட்சம்தான். அதே காரணத்தால் ஏற்பாட்டாளருக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள்.

உங்கள் சம்பளத்தில் விடுமுறைப் பயணப் படி இருந்து, நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், பயணக் கட்டணத்துக்கு மட்டும் வரிவிலக்கு கோரலாம். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கிடையாது. எனவே விமானக் கட்டணத்துக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள்.

பிற மாநிலங்களின் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. கைபேசி இணைப்பு இல்லாவிட்டால் யு.பி.ஐ.யும் எளிதில் கைகொடுக்காது. உங்கள் இருவரில் ஒருவராவது புறப்படுவதற்கு முன் போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொண்டு, குதிரைக்கும் உள்ளூர் டாக்சிக்கும் கொடுக்கத் தேவையான தொகையை ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள்.