சத்தம் எங்கே போகிறது?

கேள்வி: நான் பாட்டு டீச்சர். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஜூமில் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காகவே ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி, ஹெட்போனை அதில் மாட்டியிருக்கிறேன். போன மாதம் புது மானிட்டர் வந்ததிலிருந்து தொல்லை. சில நாள் ஹெட்போனில் எதுவுமே கேட்பதில்லை. சில நாள் யூடியூப் கேட்கிறது, ஜூமில் பிள்ளைகள் பாடுவது கேட்பதில்லை. கார்டு கெட்டுவிட்டதா? விண்டோஸ் 11 வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது டீச்சர், இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மானிட்டர். பழையது விஜிஏ வயரில் ஓடியிருக்கும், அதில் படம் மட்டும்தான் போகும். புதியதற்கு எச்டிஎம்ஐ வயர் என்றால் படத்தோடு ஒலியும் போகும். அதனால் விண்டோஸின் கணக்கில் மானிட்டரும் ஒரு ஒலிக்கருவி. சில சமயம் தானாகவே சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் இது நடக்கும். என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். மேஜைக்கு அடியில் டார்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சொருகியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமே போய்விட்டது. வயரில் ஒரு குறையும் இல்லை.

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், அடியில் இருக்கும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' அழுத்துங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'பிளேபேக்' பட்டியலில் மதர்போர்டின் ஒலி, மானிட்டர், உங்கள் யுஎஸ்பி கார்டு எல்லாம் வரிசையாக நிற்கும். ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள். எந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றனவோ, சத்தம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது யுஎஸ்பி கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'செட் அஸ் டிஃபால்ட் டிவைஸ்' கொடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸில் டிஃபால்ட், அதாவது தானாகச் சத்தம் போகும் கருவி, இரண்டு உண்டு. பாட்டு, படத்துக்கு ஒன்று, பேச்சு அழைப்புகளுக்கு இன்னொன்று. யூடியூப் கேட்டு ஜூம் கேட்காத நாட்களில் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருந்திருக்கும். அதனால் மறுபடி ரைட் கிளிக் செய்து 'செட் அஸ் டிஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' என்பதையும் கொடுங்கள். மைக்கும் அதே கார்டில் இருந்தால் பக்கத்து 'ரெக்கார்டிங்' பட்டியலிலும் இதையே செய்ய வேண்டும். அப்புறம் ஜூமின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கராக எது தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது தனக்கென்று தனித் தேர்வு வைத்துக்கொள்ளும்.

மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் பட்டியலில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்துவிடலாம். படத்துக்கு ஒன்றும் ஆகாது.

யுஎஸ்பி கார்டை எப்போதும் ஒரே துளையில் சொருகுங்கள். துளை மாறினால் விண்டோஸ் சில கார்டுகளைப் புதிதாக வந்ததாக நினைத்து, பெயருக்கு முன்னால் 2 என்று போட்டு இன்னொரு வரி சேர்த்துவிடும். நீங்கள் வைத்த டிஃபால்ட் பழைய வரியோடு நின்றுவிடும். அக்கா வீட்டில் சரியான துளைக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பாட்டு டீச்சருக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. விடாமல் ஒலிக்கும் தம்புராவை ஜூம் மின்விசிறி இரைச்சல் போல நினைத்து அமுக்கிவிடும். பிள்ளைகளுக்குச் சுருதி விட்டு விட்டுக் கேட்கும். அதே ஆடியோ செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' தேர்ந்தெடுத்து, வகுப்பு தொடங்கியதும் அதை ஆன் செய்துகொள்ளுங்கள். நீங்கள் ஹெட்போன் போட்டிருப்பதால் எதிரொலி பயமும் இல்லை.