பேரைப் பார்த்துச் சேராதீர்கள், தம்பி

அமெரிக்காவில் ஊட்டச்சத்து முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, கல்லூரியின் பெயர் 'ஹெல்த் அண்ட் ஹியூமன் சயின்ஸஸ்', அறை எப்படிப் பிடிப்பது, குளிருக்கு என்ன வாங்குவது, முடித்தால் மருத்துவமனையில் டயட்டீஷியன் ஆகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அறையும் குளிரும் வந்த பத்து நாளில் பிடிபட்டுவிடும். கடைசிக் கேள்விதான் என் வயிற்றைக் கலக்கியது.

அந்தப் பெயருக்குள் ஊட்டச்சத்து, உடலியக்கவியல், பேச்சுப் பயிற்சி, குழந்தை வளர்ச்சி, சில இடங்களில் ஹோட்டல் நிர்வாகம் வரை இருக்கும். நானும் பெயரைப் பார்த்துத்தான் வந்து இறங்கினேன். இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள், ஆய்வகத்தில் எலிகளுக்குத் தீனி நிறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "நம் படிப்பை வைத்து டயட்டீஷியன் தேர்வு எழுத முடியாதே, உனக்குத் தெரியாதா?" தராசில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை கிராம் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

இங்கே பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆக, டயட்டீஷியன் படிப்புகளை மதிப்பிடும் ஏசெண்ட் (ACEND) அமைப்பு அங்கீகரித்த படிப்பு வேண்டும். மேற்பார்வையில் குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சி, அதற்குப் பிறகுதான் தேர்வு. 2024 ஜனவரி 1 முதல் தேர்வெழுத முதுகலையும் கட்டாயம். 'அதுதான் முதுகலை படிக்கிறேனே' என்று பலர் கோட்டை விடுவது இங்கேதான். அங்கீகாரம் இல்லாத முதுகலை தனியாக நின்று ஒன்றும் செய்யாது. எனக்கு இதைச் சரிக்கட்ட இன்னும் இரண்டு வருடம் ஆனது. இன்றே துறைக்கு எழுதுங்கள்: அங்கீகாரம் உண்டா, பயிற்சி இடத்தை நீங்கள் தருவீர்களா, நான் தேட வேண்டுமா? பதில் எழுத்தில் வரட்டும். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 தாளில் உள்ள படிப்புக் குறியீட்டையும் பாருங்கள். படிப்புக்குப் பின் வேலை பார்க்க, விண்ணப்பித்தால் 12 மாத அனுமதி பொதுவாக உண்டு. மேற்கொண்டு 24 மாதம் கிடைக்குமா என்பது அந்தக் குறியீட்டைப் பொறுத்தது.

இதையெல்லாம் இங்குள்ள நம்மவர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "முதலில் வந்து சேர், மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எனக்குச் சொன்னவர் மென்பொருள்காரர். அவர் தொழிலில் உரிமத் தேர்வு என்று ஒன்று கிடையாது, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "நர்ஸ் வேலை எப்படிப் போகிறது?" என்றுதான் விசாரிக்கிறார்.

பயிற்சிக்கு முன் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. முன்கையில் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். தடித்த இடத்தில் நர்ஸ் சின்ன ஸ்கேல் வைத்து அளந்தார்: 12 மில்லிமீட்டர். அவர் முகம் மாறியது. சட்டையைத் தூக்கி இடது தோளில் பிசிஜி தழும்பைக் காட்டினேன். இங்கே அந்தத் தடுப்பூசி வழக்கத்தில் இல்லை. தீக்காயமா என்று கேட்டுவிட்டு, இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் மார்பு எக்ஸ்ரே, ஒரு வாரத் தாமதம். பிசிஜி போட்டவர்களுக்கு அந்த ஊசி காசநோய் இல்லாமலே தடிக்கலாம். அதற்குப் பதில் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தால் பிசிஜி குழப்பியிருக்காது.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு மாணவர்கள் வருகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தால் நான் முதலில் கேட்பது, "ரத்தப் பரிசோதனை எடுத்தாயா?"