வடிவியல் அருவ ஓவியம்: கேள்வி பதில்

கேள்வி: ரஷ்ய ஓவியர் மாலெவிச்சின் ‘கருப்புச் சதுரம்’ ஒரு சதுரம்தானே? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: அது சரியான சதுரமே அன்று, கையால் வரையப்பட்டதால் அதன் பக்கங்கள் சற்றே கோணி நிற்கின்றன. 1915இல் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நடந்த கண்காட்சியில், ரஷ்ய வீடுகளில் புனிதர் படம் வைக்கும் மேல் மூலையில் அதை அவர் மாட்டினார். இன்று கருப்பு வெடித்து, அடியிலிருக்கும் வேறு வண்ணங்கள் விரிசல்களின் வழியே தெரிகின்றன. கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கேள்வி: என் ஆறு வயது மகளும் இப்படி வரைவாளே?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டச்சு ஓவியர்களான மோந்திரியானும் வான் டூஸ்பர்க்கும் ஒரு சாய்கோட்டுக்காகப் பிரிந்தார்கள் என்பது உண்மையா?

பதில்: சாய்கோடும் ஒரு காரணம். கிடைக்கோடும் நிலைக்கோடும் எதிரெதிர் நின்று சமன்படுவதிலேயே ஓவியத்தின் அமைதி இருக்கிறது என்று மோந்திரியான் நம்பினார். வான் டூஸ்பர்க்கோ, அந்தச் சமநிலை அசைவற்றுப் போய்விட்டது என்று கருதி, 1924 முதல் தம் ஓவியங்களில் சாய்கோட்டைக் கொண்டுவந்தார். சில காலத்தில் மோந்திரியான், இருவரும் சேர்ந்திருந்த ‘டி ஸ்டைல்’ கலைக்குழுவை விட்டு விலகினார்.

கேள்வி: அப்படியானால், 1918 முதலே மோந்திரியான் வைர வடிவப் படங்கள் (மூலையில் நிற்கும்படி திருப்பிய சதுரங்கள்) வரைந்தாரே? அவை சாய்வு இல்லையா?

பதில்: இதே மறுப்பை மூவர் எழுதியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாய்ந்திருப்பது ஓவியத் துணியின் விளிம்பு. முதிர்ந்த படங்களில் உள்ளே ஓடும் கோடுகள் கிடையாகவும் நிலையாகவும்தான் நிற்கின்றன. அவை சாய்ந்த விளிம்பில் வெட்டுப்படுவதால், படத்துக்கு வெளியேயும் தொடர்வதாகக் கண் எண்ணிக்கொள்கிறது. வான் டூஸ்பர்க் செய்தது இதற்கு நேர்மாறானது: விளிம்பு நேராக இருக்க, உள்ளே கட்டமைப்பைச் சாய்த்தார். 1944இல் மோந்திரியான் இறந்தபோது முடிக்காமல் விட்ட ‘விக்டரி பூகி வூகி’யும் வைர வடிவமே; அதிலும் அவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய வெள்ளைப் பரப்புகளில் தூரிகைத் தடம் தெரியும். அதைத் திரை காட்டாது.

கேள்வி: பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976இல் இறக்கும்வரை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த சதுரங்களைத் தொடர்ந்து வரைந்தார். வண்ணத்தைக் குழாயிலிருந்து எடுத்துக் கத்தியால் பரப்பி, அதன் பெயரைப் பலகையின் பின்புறம் குறித்து வைத்தார். நீங்கள் வண்ணத்தாள்களை வெட்டி, ஒரே சாம்பல் துண்டை மஞ்சளின் மேலும் நீலத்தின் மேலும் வைத்து, அது எப்படி மாறித் தோன்றுகிறது என்று பாருங்கள்.

கேள்வி: முதலீட்டுக்கு வாங்கலாமா?

பதில்: விலை என் துறை அன்று.

கேள்வி: ஒரு படத்தின் ஒளிப்படம் அனுப்பியிருக்கிறேன், அசல்தானா?

பதில்: திரையைப் பற்றி இரண்டு முறை எழுதிவிட்டேன்.