மீப்பெரியது ஒன்று உண்டா? போலி நிரப்பி பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: லாட்டிஸ் பாடத்தில் நிரப்பியையும் போலி நிரப்பியையும் அடுத்தடுத்துப் படித்தோம். நிரப்பிக்கு உரிய இரண்டு நிபந்தனைகளில் ஒன்றைக் கைவிட்டால் போலி நிரப்பி கிடைக்கிறது என்றால், நிரப்பி உள்ள இடத்தில் எல்லாம் போலி நிரப்பியும் இருந்தாக வேண்டும் அல்லவா? (முதுநிலைக் கணித மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: இருக்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனையைக் கைவிடும்போதே இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். லாட்டிஸ் என்பது எந்த இரண்டு உறுப்புகளுக்கும் சந்திப்பும் (இரண்டுக்கும் கீழுள்ளவற்றுள் மீப்பெரியது) இணைப்பும் (இரண்டுக்கும் மேலுள்ளவற்றுள் மீச்சிறியது) உள்ள வரிசை அமைப்பு. அதில் க என்ற உறுப்புக்கு ச நிரப்பி என்றால், இரண்டின் சந்திப்பு மிகக் கீழுள்ள உறுப்பான பூச்சியமாகவும், இரண்டின் இணைப்பு மிக மேலுள்ள உறுப்பாகவும் இருக்க வேண்டும். போலி நிரப்பியில் இணைப்பைப் பற்றிய பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக, க உடன் சந்தித்தால் பூச்சியம் தரும் உறுப்புகள் அனைத்தையும் திரட்டி, அவற்றுள் மீப்பெரியது ஒன்று இருந்தால் அதையே க* என்று குறிக்கிறோம். இந்த வரையறையின் உயிர் 'மீப்பெரியது' என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது. திரட்டில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் அந்த ஒன்றுக்குக் கீழே அடங்க வேண்டும். தனக்கு மேல் வேறொன்று இல்லாத உறுப்பாக இருந்தால் மட்டும் போதாது.

12-இன் வகுத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 6, 12. 'வகுக்கும்' என்பதே இங்கு வரிசை. ஆகவே சந்திப்பு என்பது மீப்பெரு பொது வகுத்தி, இணைப்பு என்பது மீச்சிறு பொது மடங்கு, இந்த வரிசையின் பூச்சியம் 1 என்ற எண். 2 உடன் பொதுக் காரணி இல்லாத வகுத்திகள் 1, 3 ஆகிய இரண்டு மட்டுமே; எனவே 2* = 3. ஆனால் 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6 தான், 12 அன்று. 2-க்குப் போலி நிரப்பி உண்டு, நிரப்பி இல்லை. மேலும், 3-இன் போலி நிரப்பி 4 ஆகிறது. 2-இல் தொடங்கி இருமுறை இச்செயலைச் செய்தால் 4-க்கு வந்து சேர்கிறோம், 2-க்குத் திரும்புவதில்லை. இதை நினைவில் வையுங்கள்; அடுத்த கேள்வியில் தேவைப்படும்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேரான எதிர் எடுத்துக்காட்டு. நான்கு உறுப்புகள் கொண்ட க்ளைன் குலத்தின் உட்குலங்கள் ஐந்து: சமனி மட்டும் உள்ளது, இரண்டு உறுப்புகள் கொண்டவை மூன்று, முழுக் குலம். நடுவிலுள்ள மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றின் வெட்டு சமனி மட்டுமே. அவை சேர்ந்து பிறப்பிப்பதோ முழுக் குலம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் மற்ற இரண்டும் நிரப்பிகளாக அமைகின்றன. ஆனால் அந்த இரண்டையும் ஒருங்கே அடக்கும் உட்குலம் முழுக் குலம் ஒன்றுதான், அது தொடங்கிய உட்குலத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. நிரப்பிகள் இரண்டு இருந்தும் போலி நிரப்பி ஒன்றுகூட இல்லை.

முடிவுள்ள லாட்டிஸ் ஒன்றில் பங்கீட்டு விதி (ஓர் இணைப்புடன் சந்திப்பதும், அதன் ஒவ்வோர் உறுப்புடனும் தனித்தனியே சந்தித்துப் பின் இணைப்பதும் ஒன்றே என்பது) செல்லுபடியாகுமானால் இந்தச் சிக்கல் எழாது. க உடன் பூச்சியத்தில் சந்திக்கும் உறுப்புகள் அனைத்தையும் இணைத்தால், பங்கீட்டு விதியின் காரணமாக அந்த இணைப்பும் க உடன் பூச்சியத்திலேயே சந்திக்கிறது. மீப்பெரியது கையில் கிடைத்துவிடுகிறது. முடிவிலிக்குச் சென்றால் இந்த வாதம் நிற்காது. பூச்சியத்தையும் உட்படுத்திய இயல் எண்களை 'வகுக்கும்' என்ற வரிசையில் வைத்தால் அது பங்கீட்டு லாட்டிஸ்தான். அங்கே 2 உடன் பொதுக் காரணி இல்லாதவை ஒற்றை எண்கள். எல்லா ஒற்றை எண்களாலும் வகுபடும் எண் பூச்சியம் மட்டுமே, அதுவோ 2-ஆலும் வகுபடும். எனவே 2-க்கு அங்கே போலி நிரப்பி கிடையாது. பங்கீட்டு விதி இருந்தால் போலி நிரப்பியும் இருக்கும் என்று எழுதும் மாணவர்கள், 'முடிவுள்ள' என்ற சொல்லை விடாமல் எழுத வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

கேள்வி: இருமுறை போலி நிரப்பி எடுத்தால் தொடங்கிய உறுப்பு திரும்பக் கிடைப்பதில்லை. அப்படியானால் இந்தச் செயலால் என்ன பயன்? (கல்லூரி விரிவுரையாளர், மதுரை)

பதில்: இருமுறையில் திரும்பாதது உண்மை, ஆனால் மூன்றாம் முறைக்குப் பிறகு புதிதாக எதுவும் தோன்றுவதில்லை என்பதே இந்தக் கோட்பாட்டின் அழகு. க, க* ஆகிய இரண்டும் பூச்சியத்தில் சந்திப்பதால், க* உடன் அவ்வாறு சந்திப்பவற்றுள் க ஒன்றாகிறது. க*-இன் போலி நிரப்பியை க** என்றும், அதன் போலி நிரப்பியை க*** என்றும் எழுதுவோம். எனவே க ≤ க**. உறுப்பு பெரிதானால் அதன் போலி நிரப்பி சிறிதாகும் என்பதும் வரையறையிலிருந்தே தெரிகிறது. க ≤ க** என்பதன் இரு பக்கமும் போலி நிரப்பி எடுத்தால் க*** ≤ க*. முதல் சமனின்மையில் க-வின் இடத்தில் க* இட்டால் க* ≤ க***. இரண்டும் சேர்ந்து க* = க*** என்று ஆகிறது.

ஆகவே ஏதேனும் ஓர் உறுப்பின் போலி நிரப்பியாக வரும் உறுப்புகளை மட்டும் தனியே பிரித்தெடுத்தால், அவை இருமுறைச் செயலுக்கு மாறாமல் நிற்கும். 12-இன் வகுத்திகளில் அவை 1, 3, 4, 12. இவை நான்கும் தமக்குள் ஒரு பூலியன் இயற்கணிதமாக, அதாவது ஒவ்வோர் உறுப்புக்கும் நிரப்பி உள்ள பங்கீட்டு லாட்டிஸாக, அமைகின்றன. இது தற்செயல் அன்று. 1929-இல் கணிதவியலாளர் கிளிவென்கோ இதன் வேர்க் கருத்தை வெளியிட்டார். 1962-இல் கணிதவியலாளர் ஆரின் ஃப்ரிங்க், பங்கீட்டு விதியும் இணைப்பும் இல்லாமல், சந்திப்பு மட்டும் உள்ள அரை லாட்டிஸ்களிலும் இது மெய் என்று நிறுவினார். பங்கீட்டு விதியை எங்கும் கருதாத நிலையிலும் பங்கீட்டு விதியுள்ள ஓர் அமைப்பு உள்ளிருந்து வெளிப்படுகிறது என்பதை நான் இத்துறையின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

ஒரு நுட்பத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது: அந்த உள் அமைப்பின் இணைப்பு, பழைய இணைப்பாக இருக்க வேண்டியதில்லை. மெய்யெண் கோட்டின் திறந்த கணங்களை எடுத்தால், ஒரு கணத்தின் போலி நிரப்பி அதன் வெளியிலுள்ள பகுதியின் உட்புறம். குறை எண்களின் கணத்துக்கு மிகை எண்களின் கணம் போலி நிரப்பி, மறுதலையாகவும் அப்படியே. அவற்றின் சேர்ப்பில் பூச்சியம் என்ற புள்ளி விடுபட்டிருக்கிறது. அந்தச் சேர்ப்புக்கு இருமுறை போலி நிரப்பி எடுத்தால் விடுபட்ட புள்ளி நிரம்பி முழுக் கோடும் கிடைக்கிறது. உள் அமைப்பில் இணைப்பாக எண்ணப்படுவது இந்த முழுக் கோடுதான். க*, க** ஆகியவற்றின் இணைப்பு எப்போதுமே மிக மேலுள்ள உறுப்பாக இருக்கும் பங்கீட்டு லாட்டிஸ்களுக்குக் கணிதவியலாளர் ஸ்டோனின் பெயர் வழங்குகிறது. 12-இன் வகுத்திகள் அவ்வகையின. கோட்டின் திறந்த கணங்கள் அவ்வகையின அல்ல.

தர்க்கத்திலும் இதே காட்சிதான். கணிதவியலாளர் புரோவரின் வழிவந்த உள்ளுணர்வுவாதத் தர்க்கத்தில் (எந்தக் கூற்றும் ஒன்று மெய், இல்லையேல் அதன் மறுப்பு மெய் என்ற விதியை ஏற்காத தர்க்கம்) 'அன்று' என்பது போலி நிரப்பியாகவே நடந்துகொள்கிறது: ஒரு கூற்றிலிருந்து அதன் இரட்டை மறுப்பு பின்தொடரும், இரட்டை மறுப்பிலிருந்து கூற்று பின்தொடராது. கூற்றுத் தர்க்கத்தில், வழக்கமான முறையில் நிறுவத்தக்க எந்தக் கூற்றின் இரட்டை மறுப்பும் உள்ளுணர்வுவாத முறையில் நிறுவத்தக்கது என்பதே கிளிவென்கோவின் தேற்றம்.

கேள்வி: சந்திப்பே வரையறுக்கப்படாத பகுதி வரிசைக் கணங்களில் போலி நிரப்பியைப் பற்றிப் பேச முடியுமா? (ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியும். 1971-இல் கணிதவியலாளர் வெங்கடநரசிம்மன் பகுதி வரிசைக் கணங்களின் (சில உறுப்புகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்படாமலே நிற்கக்கூடிய வரிசை அமைப்புகளின்) போலி நிரப்பிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார். 'சந்திப்பு பூச்சியம்' என்பதை 'இரண்டுக்கும் பொதுவான கீழ் எல்லை பூச்சியம் மட்டுமே' என்று மாற்றி எழுதினால் போதும்.

அடியில் பூச்சியம், அதன் மேல் க, ச. அவற்றுக்கு மேல் ட, த. உச்சியில் 1 என்று ஆறு உறுப்புகளை வரைந்துகொள்ளுங்கள். க, ச ஆகிய ஒவ்வொன்றும் ட, த இரண்டுக்கும் கீழே இருக்கட்டும். ட, த ஆகியவற்றுக்குச் சந்திப்பு இல்லை. க, ச இரண்டும் பொதுவான கீழ் எல்லைகளாக இருந்தும் அவற்றுள் பெரியது எது என்று சொல்ல முடியாது. ஆயினும் க* = ச, ச* = க, ட* = த* = பூச்சியம் என ஒவ்வோர் உறுப்புக்கும் போலி நிரப்பி உண்டு. மேலே காட்டிய க* = க*** என்ற நிறுவல் சந்திப்பு இருப்பதை எங்கும் நம்பவில்லை; ஆகவே அது இங்கும் ஓர் எழுத்தும் மாறாமல் செல்லும். ஸ்டோன் நிபந்தனையோ எழுதியபடியே கேட்கப்படக்கூட முடியாது: க* என்பது ச, க** என்பது க, இவ்விரண்டுக்கும் ட, த, 1 ஆகிய மூன்றும் மேல் எல்லைகள், அவற்றுள் மீச்சிறியது இல்லை. 'பொதுவான மேல் எல்லை 1 மட்டுமே' என்று அதைத் திருத்தி எழுதினால், இந்த ஆறு உறுப்புக் கணம் அதில் தேறாது.