தங்கத்தில் தவளை, வௌவால், கழுகு: கேள்வி பதில்

கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்துக்கு வருவதற்கு முன் அங்கே கோஸ்டாரிகா, பனாமா, கொலம்பியா பகுதிகளில் செய்த தங்க நகைகள் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கோஸ்டாரிகா நகைகளில் ஏன் இத்தனை தவளைகள்?

அந்தக் காட்டில் மழைக்காலம் வந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்வதே தவளைச் சத்தம்தான். மழை, விளைச்சல் என்று பலரும் பொருள் சொல்வது அதனால்தான். ஆனால் அந்தப் பதக்கங்களின் பின்னங்கால்களையும் பாருங்கள். எந்தத் தவளைக்கும் இல்லாத அளவுக்கு அகலமான தகடுகள். போட்டவர் நடக்க நடக்க அவை வெளிச்சத்தை வாங்கி மின்னும். சில தவளைகளின் வாயின் இருபுறமும் பாம்புத் தலைகள் நீண்டிருக்கும். குளத்தில் பார்த்ததை அப்படியே செய்த உருவம் இல்லை இது.

சார், இவை சொக்கத் தங்கமா?

பெரும்பாலும் இல்லை. தங்கமும் செம்பும் கலந்த உலோகம், தும்பாகா என்பார்கள். தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085. இரண்டையும் சரியான அளவில் கலந்தால் ஏறக்குறைய 910 டிகிரியிலேயே உருகிவிடும். ஊதுகுழலை வைத்துக்கொண்டு உலை மூட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். அப்புறம் நகையைச் சூடாக்கினால் மேற்பரப்பில் இருக்கும் செம்பு கறுக்கும். அதைப் புளிப்புள்ள தாவரச் சாற்றால் நீக்குவார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் மேலே தங்கம் மட்டும் மிஞ்சும்.

தைரோனா பதக்கங்களில் இருப்பது மனிதனா, விலங்கா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொலம்பியாவில் சியரா நெவாதா தெ சாந்தா மார்த்தா மலைச்சரிவில் வாழ்ந்தவர்கள் தைரோனா மக்கள். அவர்கள் செய்த உருவத்துக்கு மனித உடல். இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும். மூக்கு மட்டும் மேல்நோக்கித் தூக்கியிருக்கும். அங்கே மூக்கின்மேல் இலைபோல மடல் உள்ள வௌவால்கள் உண்டு. அந்த முகம்தான் இது. அது எப்படி வந்தது என்று உற்றுப் பாருங்கள்: மூக்குக்குள் ஓர் அணி, உதட்டுக்குக் கீழே இன்னொன்று. இப்படிப்பட்ட அணிகள் தனியாகவும் கிடைத்திருக்கின்றன. ஆக, மனிதன் நகை போட்டு வௌவால் ஆகிறான். அந்த நிலையையே பதக்கமாக வார்த்து இன்னொருவர் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள். இந்த நகைகளில் விலங்கு வெறும் அலங்காரம் இல்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சிறகு விரித்த பதக்கம் கழுகா?

1502இல் கொலம்பஸின் ஆட்கள் கோஸ்டாரிகா கடற்கரையில் இவற்றைப் பார்த்துக் கழுகு என்றார்கள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பருந்து, பிணந்தின்னிக் கழுகு என எந்த வேட்டைப் பறவையாகவும் இருக்கலாம்.

கொலம்பியாவில் கிடைத்த தங்க 'விமானம்' உண்மையா?

நிமிர்ந்த வாலைப் பார்த்துச் சிலர் விமானம் என்று சொல்வது சில சென்டிமீட்டர் நீளமே உள்ள பதக்கங்களை. அவை பறவை, மீன், பூச்சி ஆகியவற்றின் உறுப்புகளைக் கலந்து செய்தவை. வாலை மட்டும் பார்க்காமல் கண்ணையும் பாருங்கள்.

இணையத்தில் விற்கிறார்களே, ஒன்று வாங்கலாமா?

வேண்டாம். போலி இல்லையென்றால் அது கல்லறையைத் தோண்டி எடுத்ததாக இருக்கலாம். கொலம்பியாவில் தொல்பொருள்கள் நாட்டின் சொத்து, விற்கவே முடியாது. அந்நாட்டுத் தலைநகர் பொகோதாவில் இருக்கும் தங்க அருங்காட்சியகத்தின் படங்களைப் பாருங்கள்.