வளர்ப்பு ஊடகத்தில் கொன்ற கிராம்பு எண்ணெய் பாலாடைக்கட்டியில் தோற்றது ஏன்?

பாக்டீரியாவை வளர்க்கும் திரவ ஊடகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவை அடியோடு அழித்த கிராம்பு எண்ணெய், அதே அளவில் பாலாடைக்கட்டியில் பலிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொழுப்பைத்தான்.

அந்த எண்ணெயில் வேலை செய்வது யூஜெனால். நீரைவிடக் கொழுப்பை நாடும் மூலக்கூறு அது. அதனால்தான் பாக்டீரியாவின் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. பொட்டாசியமும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியும் வெளியே கசிகின்றன. பாலாடைக்கட்டியில் அதே குணம் எதிராகத் திரும்புகிறது. யூஜெனால் கொழுப்புத் துளிகளுக்குள் ஒடுங்கிவிட, பாக்டீரியா வாழும் நீர்ப்பகுதியில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

என் கவலை அந்தக் கொஞ்சத்தைப் பற்றியது. கொல்லாத அளவு பாக்டீரியாவைப் பழக்கிவிடும். ஓரிகானோ எண்ணெயில் உள்ள கார்வக்ரால் கலந்த ஊடகத்தில் வளர்ந்த பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, தன் சவ்வின் கொழுப்பு அமிலங்களையே மாற்றிச் சவ்வை இறுக்கிக்கொண்டது. ஈ.கோலைக்கோ வெளிச்சவ்வு என்ற கூடுதல் அரணும், நுழைந்ததை வெளியே தள்ளும் புரதப் பம்புகளும் உண்டு.

தப்பிய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து உடனே ஊடகத்தில் சோதியுங்கள். பழைய அளவிலேயே செத்தால், குற்றவாளி கொழுப்பு. சாகாவிட்டால், எண்ணெயே இல்லாமல் பல தலைமுறைகள் வளர்த்து மறுபடி சோதியுங்கள். அப்போது செத்தால் தற்காலிகத் தகவமைப்பு. அப்போதும் தாங்கினால் மரபணு மாற்றத்தைத் தேட வேண்டும். அதுவரை எண்ணெயின் அளவைக் கூட்டாதீர்கள், சுவை கெட்டுவிடும். அமிலத்தன்மையைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். யூஜெனாலுக்கு அது நல்ல துணை.