போட்டி ஏலத்தில் எப்போது துணிந்து கேட்பது?

நால்வர் இரு அணிகளாக ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எதிரணியும் ஏலத்தில் இறங்கிவிட்டால், எந்தக் கையை வைத்துக்கொண்டு துணிந்து மேலே கேட்கலாம், எதற்குப் பாஸ் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கையிலுள்ள புள்ளிகளை (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1) கூட்டிப் பார்த்து இதை முடிவு செய்வது பலரின் பழக்கம். என்னைக் கேட்டால், புள்ளிகள் எந்த இனத்தில் இருக்கின்றன, பார்ட்னரின் கையையும் சேர்த்து நமக்கு எத்தனை துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டு) இருக்கிறது என்ற இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

பார்ட்னர், குறைந்தது 5 சீட்டு வைத்துக்கொண்டு, 1 ஸ்பேடு என்று, அதாவது ஸ்பேடைத் துருப்பாக வைத்து 6-உடன் 1 சேர்த்து 7 டிரிக் (வெல்லும் சுற்று) எடுப்போம் என்று தொடங்குகிறார். உங்கள் வலப்புறத்தவர் 2 ஹார்ட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ராஜாவோடு 5 ஸ்பேடு, ஒரே ஒரு சிறிய ஹார்ட், ராணியோடு 4 டயமண்ட், 3 சிறிய கிளப் இருந்தால், மொத்தம் 5 புள்ளிதான் என்றாலும், தயங்காமல் 4 ஸ்பேடு கேட்க வேண்டும். அதே 5 புள்ளி, 3 சிறிய ஸ்பேடு, ராணியும் ஜாக்கும் சேர்ந்த 4 ஹார்ட், ராணியோடு 3 டயமண்ட், 3 சிறிய கிளப் என்று வந்திருந்தால், பாஸ் சொல்வதே சரி. ஏனெனில் அந்த ஹார்ட் ராணியும் ஜாக்கும் எதிரணி ஆடும்போது டிரிக் எடுக்குமே தவிர, நாம் ஸ்பேடில் ஆடும்போது அநேகமாக எதற்கும் உதவா.

முதல் கையில் அவ்வளவு உயரம் போகத் துணிவு தருவது துருப்பு எண்ணிக்கை. இரு அணிகளும் தத்தம் சிறந்த துருப்பில் ஆடினால் எடுக்கக்கூடிய டிரிக்குகளின் கூட்டுத்தொகை, இரு அணிகளின் துருப்புகளின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும் என்று பிரான்சைச் சேர்ந்த ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுதினார். அமெரிக்க ஆட்டக்காரர் லாரி கோஹன் 1990-களில் அதைப் பரவலாக்கினார். நடைமுறையில் இதன் பொருள், 8 துருப்பு இருந்தால் 2 வரை, 9 இருந்தால் 3 வரை, 10 இருந்தால் 4 வரை போகலாம் என்பதே. இது துல்லியமான விதி அல்ல. எதிரணியின் இனத்தில் நம் ராணி, ஜாக் சிக்கியிருந்தால் ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வல்நரபிலிட்டி: வல்நரபிள் ஆன அணிக்கு வெற்றியின் போனஸும் தோல்வியின் அபராதமும் கூடும். எதிரணி மட்டும் வல்நரபிள் என்றால், அவர்கள் 4 ஹார்ட் ஆடி வென்றால் அவர்களுக்கு 620 மதிப்பெண்; நாம் 4 ஸ்பேடில் டபுள் (அபராதத்தைக் கூட்ட எதிரணி சொல்வது) வாங்கி 3 டிரிக் குறைந்தாலும் 500 தான் போகும். இரு அணியும் ஒரே நிலையில் இருந்தால் 2 டிரிக் வரைதான் தாங்கும். நாம் மட்டும் வல்நரபிள் என்றால், அவர்களுக்குக் கிடைப்பது 420, நாம் 2 டிரிக் குறைந்தால் இழப்பது 500. அங்கே ஒரு டிரிக்குக்கு மேல் இடமில்லை. இந்தக் கணக்கெல்லாம் எதிரணியின் 4 ஹார்ட் உண்மையில் வெல்லும் என்றால் மட்டுமே பொருந்தும். கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு இப்படித் தெரிந்தே தோற்று தியாகம் செய்வதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

எவ்வளவு துணிகிறோம் என்பதைப் போலவே, எப்போது துணிகிறோம் என்பதிலும் பலன் இருக்கிறது. உங்கள் எல்லை 4 ஸ்பேடு என்றால் அதை முதல் வாய்ப்பிலேயே கேட்டுவிட வேண்டும். 2, பிறகு 3, பிறகு 4 என்று ஏறினால், எதிரணி தங்கள் பலத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நாமே அவகாசம் கொடுத்தவர்களாவோம். ஒரே தாவலில் போய்விட்டால் அவர்கள் 5 ஹார்ட்டா, டபுளா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அவர்கள் 5 ஹார்ட் கேட்டால், கையைச் சொல்லி முடித்துவிட்ட நீங்கள் பாஸ் சொல்லி, முடிவைப் பார்ட்னரிடம் விட்டுவிட வேண்டும்.